பெயர் போடாத தலைவி

ஆகஸ்ட் 4, திங்கள்
இரண்டாம் ஆண்டு தமிழ் இலக்கிய மாணவிகளுக்குக் கவிதை எழுத ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தேன். அகப்பாடலில் யார் பெயரும் வராது; எங்களுக்கும் அதே விதி. எழுதுபவள் பெயர் கூடாது, தலைவி கூற்று, தோழி கூற்று என்று மட்டும் போட வேண்டும். கீழே திணை லேபிள். கருத்துச் சொல்பவள் மட்டும் பெயரோடு சொல்லலாம்.

"அப்போ யார் வேணும்னாலும் எழுதலாமா மேடம்?" என்றாள் தஹ்மீனா. அதிராம்பட்டினத்துப் பெண், ஹாஸ்டல்வாசி, வாய் சும்மாவே இருக்காது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
பாடத்தின் நடுவே ஜன்னலோரம் நின்றுவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. மஸ்கட்டில் அவருக்கு இப்போது என்ன வெயிலோ. மணி அடித்ததே தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
அவர் ஃபோன் செய்தார். "லீவு தர்றாங்க மங்களா. வரட்டுமா?"

"உங்க இஷ்டம்" என்றேன். போகும்போது என்னைக் கேட்டாரா, இப்போது மட்டும் கேட்க? மூன்று வருஷமாக என் வாயில் இது ஒன்றுதான் வருகிறது.

ஆத்திரத்தில் அதையே எழுதி வலைப்பூவில் போட்டுவிட்டேன், பெயரில்லாமல். தலைவி கூற்று. நாற்றங்கால் பச்சை, மடைத் தண்ணீர், கடல் தாண்டி வரட்டுமா என்ற குரல், உங்க இஷ்டம். லேபிள்: மருதம். ஊரோ வயல்காடு, மனசில் ஊடல், வேறென்ன போடுவது?

ஆகஸ்ட் 26, செவ்வாய்
பிள்ளைகள் என்னைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள், நான்தான் என்று தெரியாமல்.

செவ்வந்தி: "கடைசி மூணு வரி வெறும் அழுகை. வெட்டிடலாம்." சரிதான். வெட்டினேன்.

தஹ்மீனா: "இது மருதமே இல்ல. ஊடல்னா அவன் வாசல்ல வந்து நிக்கணும், இவ கதவைச் சாத்தணும். கடல் தாண்டி இருக்கறவனுக்கு எந்தக் கதவைச் சாத்துறா? எங்க தெருவுல பாதி ஆம்பளைங்க வெளிநாட்லதான். 'உங்க இஷ்டம்'னா அவங்க காதுல 'வராதீங்க'ன்னுதான் விழும். வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க இந்தத் தலைவியை."

வகுப்பே லைக் போட்டிருக்கிறது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஊடல்னா என்னன்னு இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? நான்தானே!

செப்டம்பர் 2
ஃபோனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி
சொல்லிவிட்டேன். "வாங்க."

"ஐப்பசி மழைக்குள்ள வந்துடறேன்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

லேபிளை முல்லை என்று மாற்றினேன். மழைக்கு முன் வருகிறேன் என்றவனுக்காகக் காத்திருப்பது முல்லைதானே. நாளெல்லாம் காலே தரையில் படவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு
ஐப்பசி கடைசி நாள், கடைமுழுக்கு. மூன்று வருஷம் தனியாக முழுகினேன்; இந்தத் தடவை அவர் வந்துவிட்டார், இரண்டு பேரும் சேர்ந்து காவிரியில் முழுக வேண்டும் என்று ஆசையாக இருந்தேன். "வயலை ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று காலையில் போன மனிதர், தீர்த்தவாரி முடிந்து சாமியே கோயிலுக்குத் திரும்பிய பிறகு, முழங்கால் வரை சேற்றோடு வந்து நிற்கிறார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"மங்களா, நாளைக்கு முடவன் முழுக்கு இருக்குல்ல? நேரத்துக்கு வந்து சேராதவங்களுக்குன்னுதானே அந்த ஒருநாள். திற மங்களா."

கதவில் சாய்ந்து உட்கார்ந்து, முல்லையை அழித்துவிட்டு மருதம் என்று போட்டேன்.