ஜின்னில் ஆரஞ்சுத் தோல்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள். சிதம்பரம்

மதுபானப் பாடம் கடைசியில் என் தலையில் விழுந்துவிட்டது. ராஜமாணிக்கம் சார் ரிட்டயர் ஆகிவிட்டார். எங்கள் கேட்டரிங் கல்லூரியில் அதை எடுக்க வேறு ஆள் இல்லை. ஒன்பது வருடமாக பேக்கரி எடுக்கிறேன், ஹவுஸ்கீப்பிங் எடுக்கிறேன் என்று எதையாவது சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். பிரின்சிபல் சிரிக்கிறார்.

"ஜின் என்ன உங்களக் கடிக்கவா போகுது மேடம்?"

கடிக்கும் சார்.

ஆகஸ்ட் 6, புதன்

ஜின் வகைகளுக்கு நோட்ஸ் எழுத உட்கார்ந்தேன். ஹாலந்துக்காரர்களின் ஜெனீவர்: முளைகட்டிய பார்லி வாசனை தூக்கலாக இருக்கும். ஓல்டு டாம்: இனிப்பு சேர்த்தது. மட்டமான சரக்கின் நெடியை மறைக்க அந்தக் காலத்தில் கண்டுபிடித்த வழி. லண்டன் டிரை: காய்ச்சி வடித்த பிறகு இனிப்போ வாசனையோ சேர்க்கக் கூடாது. லண்டனில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. நேவி ஸ்ட்ரெங்த்: கப்பல்காரர்களுக்கு, ஆல்கஹால் அதிகம். இதுவரை பேனா நன்றாக ஓடியது.

கடைசியாக காம்பவுண்டு ஜின். காய்ச்சி வடிக்காமல், வாசனைச் சரக்குகளை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிகட்டுவது. அங்கே நின்றுவிட்டேன். அறை முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை. வீட்டில் ஆரஞ்சே கிடையாது! ஜன்னலைத் திறந்துவைத்தேன். போகவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பதினோரு வருடத்தில் இதை ஒரு தடவைகூட எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

2014. நான் கேட்டரிங் படிப்பில் இரண்டாம் வருடம். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு எங்கள் ஊர் குடிகாட்டுக்குப் போயிருந்தபோது, ஜின்னை வீட்டிலேயே செய்யலாம் தெரியுமா என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். சிலம்பரசன் அண்ணனுக்கு நான் எதைச் சொன்னாலும் அதிசயம். "எழுதிக் குடு தமிழு" என்றான். எழுதிக் கொடுத்தேன். கொத்தமல்லி விதை, ஏலக்காய், ஜின்னுக்கே உரிய வாசனை தரும் ஜூனிபர் காய், வெள்ளைப் பகுதி வராமல் சீவிய ஆரஞ்சுத் தோல்.

மறுநாள் ஒரு கேன் ஸ்பிரிட் கொண்டுவந்தான். ஏதோ குடோனில் வேலை பார்க்கிற சிநேகிதன் கொடுத்தானாம். மோந்து பார்த்துச் சொல் என்றான். நல்ல ஸ்பிரிட்டுக்கு வாசனையே இருக்கக் கூடாது என்று வகுப்பில் படித்திருந்தேன். மோந்தேன். ஒரு நெடியும் இல்லை. "சுத்தமா இருக்குண்ணா" என்றேன். என் மூக்கு மேல் எனக்கு அத்தனை கர்வம்.

நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் போன் செய்தான். "ஜூனிபர் கெடைக்கல, வால்மிளகு போட்டுட்டேன். வாசன தூக்குது." அதற்கடுத்த நாள் கண்ணெல்லாம் பனி மூட்டமாகத் தெரிகிறது என்றானாம். கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரண்டு நாள். அவ்வளவுதான். கேனில் இருந்தது மெத்தனால் என்றார்கள்.

கெட்ட சாராயம் குடித்துச் செத்தான் என்று ஊர் பேசியது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காலண்டர் ஆணியில் குத்தியிருந்த என் சீட்டை எடுத்து நானே அடுப்பில் போட்டேன். இளவரசி அண்ணிக்குக்கூட இன்றுவரை தெரியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. குடிகாடு

அண்ணியைப் பார்க்கப் போனேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சாத்துக்குடி கிடைக்கவில்லை, ஆரஞ்சு வாங்கினேன். ஏன் வாங்கினேன்? பழக்கடைக்காரர் பையை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். புத்தி எங்கே போனதோ.

அண்ணி பையைத் திறந்து பார்த்ததும் அப்படியே கொண்டுபோய் எதிர்வீட்டுப் பட்டம்மாளிடம் கொடுத்துவிட்டார். சளி பிடித்திருக்கிறதாம். நான் இருந்த நாலு மணி நேரத்தில் ஒரு தும்மல்கூட இல்லை. சோறு போட்டார். தையல் ஆர்டரைப் பற்றிப் பேசினார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அண்ணிக்குத் தெரியுமோ?

ஆகஸ்ட் 13, புதன்

முதல் வகுப்பு. நாலு கிளாஸில் நாலு வகை ஜின், மோந்து பார்க்க மட்டும். ரூமானா என்ற மாணவி எழுந்து, நான் குடிக்கவே மாட்டேன் மேடம், இந்தப் பாடத்துக்கு மூக்கு மட்டும் போதுமா என்று கேட்டாள். வகையைக் கண்டுபிடிக்க மூக்கு போதும் என்றேன்.

"கெட்ட சரக்கா இருந்தாலும் மூக்கே சொல்லிடுமா மேடம்?"

கடைசி பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, நான் பேசும்போது எப்போதும் கேட்பானே, அப்படி. என் பதிலுக்குத்தான் காத்திருந்தான். நேரமாகிவிட்டது, அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

இருபத்தெட்டு பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்: மூக்கு போதும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூக்கமில்லை. அண்ணியிடம் சொல்லாமல் அந்த வகுப்பில் போய் நிற்க என்னால் முடியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. குடிகாடு

சொல்லிவிட்டேன்.

அண்ணி ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தார். சீட்டு எழுதினது, கேனை மோந்து பார்த்து சுத்தம் என்றது, சீட்டை எரித்தது, எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். ஊசி நிற்கவில்லை. அந்த ஹூக்கை முடித்து, நூலைப் பல்லால் கடித்த பிறகுதான் பேசினார்.

"ஆரஞ்சுத் தோல யாரு சீவுனதுன்னு நெனச்ச?"

எனக்கு விளங்கவில்லை.

"வெள்ளை வரக் கூடாதுன்னு எழுதியிருந்தியே. உங்கண்ணனுக்கு அதெல்லாம் வருமா? நான்தான் பிளேடால சீவிக் குடுத்தேன். கடைச் சரக்குக்கு இது மேலுன்னு நெனச்சேன். படிச்ச பொண்ணு சொல்லுச்சேன்னு."

அண்ணி அழவில்லை. நான்தான் தரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்.

"கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன். சீட்டு எழுதுனதுக்கு இல்ல. அடுப்புச் சாம்பல்ல ஓன் எழுத்து தெரிஞ்சுது தமிழு, நான் பாத்தேன். அத எரிக்காம என்னாண்ட வந்திருந்தா, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அழுதிருக்கலாம். பதினோரு வருசம் தனித்தனியா அழுதோம்."

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவரே எழுப்பிவிட்டார். வாசல்வரை வந்தார். எப்போதும் வரமாட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

போர்டில் முதல் வரியாக எழுதினேன்: மெத்தனாலை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. போன வாரம் நான் பதில் சொல்லாமல் போனது தப்பு என்றேன். யார் செத்தார்கள், மோந்து பார்த்து நல்லது என்று சொன்னது யார், இரண்டையும் பெயரோடு சொன்னேன். ரூமானா நோட்டைத் திருப்பிப் பழைய வரியை அடித்தாள். மற்ற பிள்ளைகளும் அடித்தார்கள்.

அண்ணன் அதே பெஞ்சில்தான் இருந்தான். போய்விடுவான் என்று நினைத்தேன், போகவில்லை. இருக்கட்டும்.

சாயங்காலம் அண்ணியிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஆரஞ்சு வாங்கிவரச் சொன்னார். ரெண்டு போதுமாம்.

நான் மூன்று வாங்கிவைத்திருக்கிறேன்.