தோல் இல்லாமல் திறக்கும் மனிதன்

மார்கழி, வியாழன் இரவு

அம்மா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கியதிலிருந்து அவளுக்கு முழங்கைக்குக் கீழே வலி. விரலால் பறிக்கிறோம், வலி ஏன் மேலே வருகிறது என்று, நான் விடுமுறைக்கு நாகலூர் வந்த நாளாகக் கேட்கிறாள். இன்று லேப்டாப்பைத் திறந்து, நர்சிங் கல்லூரியில் எங்களுக்கு உடற்கூறு சொல்லித்தரும் முப்பரிமாண மனிதனைக் காட்டினேன். திறந்தால் தோல் இல்லாமல்தான் வருவான். அவன் விரலை மடக்கவைத்தேன். வெள்ளைக் கயிறுகள் மணிக்கட்டைத் தாண்டி மேலே இழுபட்டன.

"விரலை மடக்குற சதை விரல்ல இல்லீங்கம்மா. பாருங்க, முழங்கைக்கிட்ட இருக்குது."

அம்மா காற்றில் பழம் பறித்தாள். தன் கையில் தோலுக்கடியில் ஏதோ ஓடுவதையே பார்த்திருந்தாள்.

"இருவது வருசமா இது உள்ள ஓடிட்டே இருந்துதா கண்ணு?"

அந்தத் தசைகளின் பெயர்களை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அவை வேலை செய்வதை இன்றுதான், அவள் கையில்தான் பார்த்தேன்.

லேப்டாப்பை மூடப் போனேன். அம்மா தடுத்தாள்.

"அப்படியே மூடாத சாமி. தோலைப் போத்தி உடு. நொம்பக் குளுரு."

சிரிப்பு வரவில்லை. தோலுக்கான பொத்தான் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. அழுத்தினேன். அவனுக்கு ஒரு முகம் இருந்தது. இரண்டு வருடமாக அவனைப் படிக்கிறேன், இன்றுதான் பார்த்தேன்.