கண்ணாடிப் பெட்டியிலுள்ள கோணல்வாய்க் கலயம் குறித்து

அனுப்புநர்:
சு. பிரம்மநாயகம்,
தோல்பை பட்டறைத் தொழிலாளி,
கும்பார்வாடா அருகில், தாராவி, பம்பாய்-17.

பெறுநர்:
புதைபொருள் காட்சி அதிகாரி அவர்கள்,
சென்னை, முகாம்: பம்பாய்.

பொருள்: கல்சமாதியில் எடுத்த குழந்தை எலும்பைத் திருப்பித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஞாயிறன்று தங்கள் காட்சியில் கலயமும் குழந்தை எலும்பும் வைத்த பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்று, எண்ணெய்க் கறையைத் தன் துண்டாலேயே துடைக்கும்படி காவலாளியிடம் ஏச்சு வாங்கிய ஆசாமி அடியேன்தான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

1. திருநெல்வேலி ஜில்லாவில் எங்கள் ஊர்ப் பொத்தைக் குன்றில், பலகைக் கற்களை நிறுத்தி மேலே கல் மூடிய ஆதிகாலத்துச் சமாதி ஒன்று இருந்தது. பாண்டவர் வீடு என்போம். பால்குடி மறவாத பிள்ளை தவறினால் நாங்கள் எரிப்பதில்லை. நரி தோண்டாதென்று அந்தக் கல்லுக்குள் வைப்பது எங்கள் தெரு வழக்கம். தங்கள் இலாகா தோண்டியபின் இரண்டு கல்தான் நிற்கிறதாம்.

2. 1957-ல் என் மூத்த மகளை, நாற்பது நாள் பிள்ளையை, அங்கேதான் வைத்தேன். அவளுக்கு மருந்து கரைத்த கலயத்தையும் கூடவே வைத்தோம். அது வாய் கோணிப்போனதென்று கும்பார்வாடா குயவர் எனக்குச் சும்மா கொடுத்தது. பிள்ளை பிறந்ததும் பார்க்கப் போகையில் இங்கிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

3. பெட்டியில் ஒட்டிய தங்கள் சீட்டில் எங்கள் ஊர்ப் பெயர் சரியாக இருக்கிறது. வயதுதான் இரண்டாயிரம் வருஷம் என்று போட்டிருக்கிறது. எட்டாவதோடு நின்றவன் படித்தவர்களைத் திருத்தக் கூடாதுதான். ஆனால் அந்தக் கணக்குப்படி பெற்றவனுக்கு என்ன வயதாகும், ஐயா? குயவரைக் கூட்டிவந்து காட்டினேன். தன் சரக்கு இவ்வளவு காலம் உழைக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். சர்க்காருக்கு எதிராகக் கைநாட்டு வைக்க மட்டும் பயப்படுகிறார். வேறு அத்தாட்சி என்னிடம் இல்லை.

4. வருகிற ஞாயிறு பெண்களுக்கு இலவசமாம். என் சம்சாரம் பேராச்சி, எங்கள் தெருப் பெண்களோடு புறப்படத் தயாராகிறாள். அவளைத் தடுக்க என்ன காரணம் சொல்வதென்று தெரியவில்லை. கலயத்தைக் கண்டதும் கண்டுகொள்வாள்.

ஆகையால் சனிக்கிழமைக்குள் எலும்பை மட்டும் ஒரு துணியில் முடிந்து தந்தால் போதும். கலயம் சர்க்காருக்கே இருக்கட்டும். தர விதியில்லையென்றால் பெட்டியை உள்ளே எடுத்து வையுங்கள். அதுவும் முடியாதென்றால் அதன்மேல் எரிகிற பல்பையாவது அணைக்க உத்தரவிடுங்கள்.

அன்று கூட வந்த இளைய மகள் பூமாரி, யாருப்பா இந்தப் பாப்பா என்று கேட்டாள். ராஜா காலத்துப் பாப்பா என்றேன். உன் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

தாராவி,
12-10-1966

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சு. பிரம்மநாயகம்