ஆரபியின் சட்டைகளைப் பார்க்க ஒரு டிக்கெட்

அன்புள்ள துசானி,

நான் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாமியின் கால்வலி எப்படி?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆரபியின் சட்டைகளை வெட்டி நீ தைத்து அனுப்பிய போர்வையை இங்கே இத்தாலியில் நடந்த தையல் கண்காட்சியில் பார்த்தேன். மூன்று நாளும் போவதாகச் சொன்னேன். ஒரு நாள்தான் போனேன். டிக்கெட் போன வருடம் பன்னிரண்டு யூரோ, இந்த வருடம் இருபத்தெட்டு. தைத்தவருக்கு மட்டும் இலவசம், தகப்பனுக்கு இல்லை.

என்னோடு வந்த கிருபன் வாசலில், "துணி பாக்க இருபத்தெட்டோ? உனக்கென்ன விசரோ?" என்றான்.

"ஓம், விசர்தான். நீ வெளியில நில்."

லைட்டை மிகக் கிட்ட வைத்திருந்தார்கள். நிறம் வெளிறும் என்று சொல்லித் தள்ளி வைக்கச் செய்தேன். நடுவில் நான் வாங்கி அனுப்பிய மஞ்சள் சட்டை. அவள் பிறந்தபோதும் நான் இல்லை. செத்தபோதும் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, கிடைக்காமல் வர முடியவில்லை. கை தானாக அந்தச் சட்டைக்குப் போய்விட்டது. வெள்ளைக் கையுறை போட்ட பெண், "தொடக் கூடாது" என்று தடுத்தாள்.

"என்ர பிள்ளையின்ர சட்டை" என்றேன், தமிழில். அவளுக்கு விளங்கவில்லை. மற்றவர்களுக்குக் காட்டுவதுபோல போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத் தையலைக் காட்டினாள்.

ஒரு உதவி செய். அடுத்த மாதம் போர்வையை நேரே உனக்கு அனுப்பப் போகிறார்கள். என்னிடம் கொடுக்கச் சொல்லி அவர்களுக்கு ஒரு ஈமெயில் போடு. தைத்தவர் சொன்னால்தான் தருவார்களாம். ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு அனுப்புகிறேன். தோய்க்க மாட்டேன்.

வேலைக்குப் பிந்திவிட்டது.

உன்
பிரதீஸ்