பறிக்காத பூசணி

அக்கா,

இன்று காலை நம் பழைய வீடியோ கேம் பெட்டியைச் சுற்றியிருந்த உன் கம்பளியை அவிழ்த்தேன். தேயிலைக் கொழுந்துச் சாறும் மழையும் ஊறிய அந்த வாடை, நீ மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்ததுபோல முகத்தில் அடித்தது.

அவிழ்த்ததற்குக் கடையில் கிளம்பிய பேச்சுதான் காரணம். ஹட்டனில் நான் போன் திருத்தும் கடையில், கூட வேலை செய்பவர்கள் அந்தக் காலத்துப் பெட்டியில் பிடித்த கேம்களை ஆளுக்கு மூன்றாகத் தேர்ந்தெடுத்து குரூப்பில் போடுகிறார்கள். நானும் போட வேண்டுமாம். இரண்டு உடனே வந்துவிட்டன. முதல் இடத்தில் கை நின்றுவிட்டது.

ஊரெல்லாம் அந்தத் தலைமுறைப் பெட்டியைத் தூக்கிப் போட்ட பிறகுதான் நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு அது வந்தது. கொழும்பில் நீ வேலை செய்த வீட்டில் கழித்துவிட்டதை, தோட்டத்துக்கே திரும்பி வந்தபோது பழைய டிஸ்க்குகளோடு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். நம் நோர்வூட் மலைப் பனி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. டிஸ்க்கைப் படிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நீ உன் கம்பளியை அடுப்போரம் காட்டி, சூட்டோடு அதைச் சுற்றிவைப்பாய். "அதுக்கும் குளிரும்ல," என்பாய். கொஞ்ச நேரத்தில் ஓடவும் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வேலையே எது பெரிய கேம் என்று வரிசை போடுவதுதான். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் இடம் என்று நீயே சட்டம் வைத்தாய். கார் ரேஸிலும் கிரிக்கெட்டிலும் தகராறில்லை. முதல் இடம் எனக்குச் சண்டை கேமுக்கு, உனக்கு அந்த விவசாய கேமுக்கு.

"வாரம் பூரா கொழுந்து பறிக்கிற, ஞாயித்துக்கெழமையும் காட்டு வேலையா?" என்று கேலி செய்வேன்.

"இங்க காலையில பேர் கூப்பிடுற பெரட்டும் இல்ல, கங்காணியும் இல்ல. நெலம் என் பேருல இருக்கு, பாரு," என்று திரையில் உன் பெயரைத் தொட்டுக் காட்டுவாய். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசி நாளில், டிக்கோயா ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே நீ சொன்னதும் அந்தத் தோட்டத்தைப் பற்றித்தான். "பூசணி வெளஞ்சிருக்கும்டா. கேம்ல குளிர்காலம் வந்தா எல்லாம் போயிரும். நீ பறிச்சு வச்சிரு."

வீட்டுக்கு ஓடிவந்து கம்பளியைச் சூடாக்கிச் சுற்றினேன். பெட்டி உயிர் பெறவில்லை. கேமில் உன் தோட்டம் பதிந்திருந்த மெமரி கார்டைக் கழற்றி, இரவல் வாங்கிய வேறொரு பெட்டியில் போட்டேன். காலி. திறந்து பார்த்தால் உள்ளே பச்சையாகத் துரு. குளிருக்கு என்று சுற்றிய கம்பளி ஒருநாளும் முழுசாகக் காய்ந்ததில்லை, அக்கா. அதன் ஈரம்தான் உள்ளே இறங்கியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும், "பறிச்சிட்டியா?" என்று கேட்டாய்.

"நாளைக்குப் பறிச்சிர்றேன்க்கா," என்றேன். விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

ஊரார் போனையெல்லாம் பிழைக்க வைக்கிறேன். அந்த ஒரு கார்டுக்கு முன்னால் இன்றைக்கும் கையாலாகாதவன்தான். எத்தனை தரம் திறந்தாலும் அதே துரு, அதே நான்.

முதல் இடத்தை விவசாய கேமுக்கே போட்டுவிட்டேன். நீ என்றைக்கோ ஒத்துக்கொண்டதுதானே, நான்தான் பாக்கி. "இதெல்லாம் ஒரு கேமா?" என்று கேட்டார்கள். "அதுல எங்க அக்காவுக்கு நெலம் இருந்துச்சு," என்று எழுதினேன்.

பெட்டியில் மறுபடி கம்பளியைச் சுற்றி வைத்திருக்கிறேன். ஈரம் இறங்கும் என்று தெரியும். இருந்தாலும் வெறுமனே வைக்க மனம் வரவில்லை. அதற்கும் குளிருமே, அக்கா.