படம் முடிந்த பிறகும் படிக்கட்டு

ஜூலை 11, வெள்ளி

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. குடியிருப்பு மொட்டைமாடியில் படம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம். நிறையப் படிக்கிறவள் என்று என்னை முன்னுரை பேச வைத்தார்கள். பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ ஒரு கறுப்பினப் பெண் மறுத்த இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது. காற்றில் திரை அசைய, அவள் முகம் தண்ணீருக்குள் இருப்பது போல. தூரத்தில் ஆவடி ரயில்.

இறங்கும்போது லிஃப்ட் கதவில் அறிவிப்பு: வீட்டுவேலை செய்வோர் படிக்கட்டைப் பயன்படுத்தவும். ஒரு வருடமாக இருக்கிறது. என் முன்னுரையில் இல்லை.

ஜூலை 12, சனி

எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வி அக்கா ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்க நின்றார். நேற்று நாற்காலி போட வந்தவர், ஓரமாகக் கொஞ்சம் பார்த்தாராம்.

"அந்தம்மா எய்ந்துக்க மாட்டேன்னுச்சே, அப்பால இன்னா ஆச்சு? வேலை இருந்துச்சா, போச்சா?"

படத்தில் வரவில்லை. படித்திருக்கிறேன்: போய்விட்டது. சொன்னேன்.

"அத்த காட்டல பாரு." பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

இந்தப் படங்களில் ஒரு தலைவர், ஒரு மேடை, ஒரு வெற்றி. அதன்பின் பேருந்தைப் புறக்கணித்து மாதக்கணக்கில் நடந்தே வேலைக்குப் போன பெண்கள் நாலு நொடி. அதுவும் முதுகுதான்.

ஜூலை 13, ஞாயிறு

விடியற்காலைக் கனவு. அந்தப் பெண்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையில் நடக்கிறார்கள். கையில் டிபன் தூக்கு. பின்னணி இசை இல்லை, செருப்புச் சத்தம் மட்டும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். லிஃப்ட் எல்லோருக்கும் என்று. நல்ல வரிகள், எனக்கே பிடித்திருந்தன. வேலை போய்விடக் கூடாதே என்று அக்கா பெயரைப் போடவில்லை.

ஜூலை 14, திங்கள்

வானம் மப்பு. பேனா ரீஃபில் வாங்க வேண்டும்.

கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"லிஃப்ட்டு சரி. இன்னா வேணும்னு என்னாண்ட கேட்டியா கண்ணு?"

கேட்கவில்லை.

காலை ஆறிலிருந்து இரண்டு மணிவரை, வேலைக்கு வரும் நாலு பெண்களுக்கும் இங்கே கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லையாம். எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது. அக்கா மூன்று வருடமாக வருகிறார்.

"பேர் போட்டா பயமில்லையா அக்கா?"

"ஒருத்தின்னா தூக்கிடுவாங்கோ. நாலு பேரையும் தூக்கினா ஊடு ஊடா யாரு பெருக்குவா? போடு."

கிழித்துப் போட்டுவிட்டு, அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் கழிப்பறை. லிஃப்ட் இரண்டாவது. வேலை முடிந்து நாலு பேரும் வந்தார்கள். மூன்று கையெழுத்து, ஒரு கைநாட்டு. என் பெயரை எங்கே போடுவது என்று கேட்டேன்.

"எங்க பேருக்குக் கீய எடம் கீது பாரு."