பைப்பு முனையில் வந்த தீ

வெம்பக்கோட்டைப் பக்கம்,
2008 ஆவணி 29, ஞாயிறு.

அன்பு மகன் பாண்டிமுருகனுக்கு அப்பா பெத்தணன் சொல்ல, உன் பெண்சாதி மாரித்தாய் எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும் கஞ்சிக்குக் குறையில்லாமல், காய்ச்சல் அண்டாமல் இருக்கிறோம். அந்த வெயில் தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு சொன்னதைக் கேட்டு நடக்கிறாய் என்று உன் கையெழுத்தில் வந்தால்தான் எங்களுக்கு மனசு அடங்கும். இதுவரை பக்கத்து வீட்டு வெள்ளைத்துரைதான் நமக்குக் கடிதம் எழுதுவான். இந்தத் தடவை விஷயம் மாரித்தாயைப் பற்றியது, அவள் கையாலேயே எழுதட்டும் என்று உட்கார வைத்திருக்கிறேன். இதையெல்லாமா எழுதணும் மாமா என்று இப்போதே முனங்குகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர சொன்ன சொல் மறக்காது, முடித்ததும் வாசிக்கச் சொல்வேன், ஒரு வரி விட்டாலும் பிடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நம் ஊருக்கு அரசாங்கப் பணத்தில் ஒரு மிஷின் வந்திருப்பதை நீ போனில் கேட்டிருப்பாய். கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாததால் தண்ணீர் டேங்க் காய்ந்து கிடந்தது, பெண்கள் வேலைக்குப் போவதா குடத்தோடு நிற்பதா என்று தவித்தார்கள். அதற்காகப் பஞ்சாயத்துத் தலைவி அய்யம்மாள் நடையாய் நடந்து வாங்கி வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புப் பீப்பாய், பக்கத்தில் ஒரு இன்ஜின். சீமைக்கருவேல் விறகைச் சாண் அளவுக்குத் துண்டு போட்டுப் பீப்பாய்க்குள் கொட்டி மூட்டுகிறார்கள். தீயை எரியவிடாமல் மூச்சடைக்க வைத்தால் ஒரு வாயு வருமாம், அதைத் தண்ணீரிலும் மரத்தூளிலும் சலித்து இன்ஜினுக்கு விட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறும், தெருவிளக்கும் எரியும். மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் ஜெயச்சந்திரன் வாயு, வாயு என்று விளக்கிக்கொண்டிருந்தபோது வெள்ளைத்துரை எழுந்து, ஏன் சார், மிஷினுக்கே வாயுத் தொல்லைன்னா பெருங்காயம் கரைச்சு ஊத்த வேண்டியதுதானே என்று கேட்டான், கூட்டம் அடங்க வெகுநேரம் ஆனது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தீயிலிருந்து புகை வரும் என்று தெரியும், புகையே திரும்பவும் எரியும் என்பதை இந்த எழுபத்திரண்டு வயதில்தான் கேட்கிறேன். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குழாயில் மூக்கை வைத்துப் பார்த்தேன், அரைநாள் தலை சுற்றியது. அது விஷவாயு பெரியவரே, அடுத்த தடவை வைத்தால் நேரே மேலேதான் என்று இன்ஜினியர் சத்தம் போட்டார். கோபம் தணிந்த பிறகு அவரிடம் இன்னொன்றும் கேட்டேன், இதனால் உலகத்துச் சூடு குறையும் என்கிறீர்களே எப்படி என்று. டீசல் பூமிக்கு அடியில் கிடந்த கரியை மேலே கொண்டுவந்து விடுகிறதாம், இந்த மரமோ வளரும்போது காற்றிலிருந்து குடித்த கரியைத்தான் எரியும்போது விடுகிறதாம், வெட்டின இடத்தில் துளிர்த்து மறுபடியும் குடித்துக்கொள்ளுமாம். மரம் கரியைக் குடிக்குமா! நம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற சனியன் என்று அந்த மரத்தை நான் திட்டாத நாளில்லை, காற்றிலும் எதையோ குடிக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நம் ஊர் மிஷின் ஓடத் தொடங்கியதில் உன் மஸ்கட்டில் ஒரு நூலளவாவது சூடு குறைந்ததா என்று பார்த்து எழுது.

இனிமேல்தான் விஷயம். மிஷினை ஓட்ட மகளிர் குழுவிலிருந்து ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், குழு மாரித்தாய் பெயரைச் சொன்னது. ஆவணி முதல் வெள்ளி திறப்பு. அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். இன்ஜினுக்கு விடும் முன் வாயு சுத்தமாக வருகிறதா என்று பார்க்க ஒரு பைப்பு முனையில் கொளுத்திப் பார்ப்பார்களாம், அதை ஊருக்கு யாரும் சொல்லவில்லை. இன்ஜினியர் நெருப்புக் காட்டியதும் குப்பென்று ஒரு முழத்துக்குத் தீ. நம் ஊர் சனத்துக்குச் சொல்லவா வேண்டும், பட்டாசு செய்கிற வெடி ஆபீஸில் தீ தெரிந்தால் எப்படி ஓடுவார்களோ அப்படி ஓடினார்கள், அதிகாரியின் ஒரு செருப்பு வேலி முள்ளில் கிடந்தது. உன் பெண்சாதி மட்டும் எதிர்த்திசையில் ஓடி, சுவரோரம் இருந்த மணல் வாளியைத் தூக்கிப் பைப்பு வாயில் கொட்டி, அடுத்த வாளித் தண்ணீரைப் பீப்பாய் மேலேயே ஊற்றிவிட்டாள். சூட்டில் தண்ணீர் பட்டுப் பீப்பாயின் உள்பூச்சு வெடித்தது, மணல் வாயுவை இழுக்கிற காற்றாடிக்குள் போய் அடைத்தது, மிஷின் செத்தது.

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்ட அதிகாரி, தீயைக் கண்டு மிரளுகிற ஊரில் இது சரிப்படாது, காரியாபட்டிப் பக்கம் ஒரு ஊர் கேட்கிறது, தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார். ஊரே இவளைத்தான் பார்த்தது. இவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சார், பன்னெண்டு வருசமா பட்டாசுக் கம்பெனி வெடிமருந்து ரூம்ல இருக்கேன், தீ தெரிஞ்சா யோசிக்காத, மண்ணை அள்ளுன்னுதான் சொல்லிக் குடுத்திருக்காக, பைப்பு முனையில வார தீ நல்ல தீன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருந்தீகன்னா கும்பிட்டுட்டு நின்னுருப்பேன் என்றாள். இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். அய்யம்மாள் விடவில்லை. நீங்களும் ஓடுனீக, நானும் ஓடுனேன், இவ ஒருத்திதான் தீகிட்ட ஓடுனா, மிஷினை யார் கையில குடுக்கணும்னு இப்ப நீங்களே சொல்லுங்க என்று கேட்டாள். அதிகாரி மிஷினைச் சரிசெய்து காட்ட ஒரு மாதம் தவணை கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மூன்று வாரம் போல இவளும் இன்ஜினியரும் அதைப் பிரித்துப் போட்டு, மணலைப் பிடிப்பிடியாய் அள்ளி, உள்பூச்சைக் களிமண்ணும் சிமெண்டும் வைத்துப் புதிதாய் இழைத்தார்கள். கடந்த வியாழக்கிழமை மறுபடி மூட்டினார்கள். இந்தத் தடவை இவளே கொளுத்தினாள், வலக்கையில் நெருப்பு, இடக்கையில் மணல் வாளி. தீ நீலமாய் நின்றது. வாளியைக் கீழே வை தாயி என்று இன்ஜினியர் சொல்லியும் வைக்கவில்லை, இன்ஜின் இரண்டு தடவை செருமி மூன்றாவதில் பிடித்து, டேங்கில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வைத்தாள்.

மிஷின் ஊரிலேயே இருக்க வேண்டுமென்றால் ஓட்டுகிற ஆள் கோயம்புத்தூரில் பதினைந்து நாள் பயிற்சி எடுத்துச் சர்டிபிகேட் வாங்க வேண்டும், இல்லையானால் காரியாபட்டிக்குத்தான் என்று உத்தரவு. கம்பெனியில் தீபாவளி சீசன், லோடு ஏறுகிற நேரத்தில் போனால் திரும்ப வராதே என்று போர்மேன் சொல்லிவிட்டார். ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் போனில் நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. பொம்பளைக்கு இன்ஜின்ல என்ன வேலை, எல்லாரும் போற மருந்து வேலைக்கே போகட்டும் என்றாய். எல்லாரும் போகிறார்கள், சரிதான். எல்லாரும் திரும்பி வருகிறார்களா என்று நீ கேட்கவில்லை. இந்த இடத்தில் மாரித்தாய் பேனாவை வைத்துவிட்டாள், உன் அம்மாதான் எழுதுளா, அவனுக்குத் தெரியட்டும் என்று எடுத்துக் கொடுத்தாள். தினமும் சாயங்காலம் கம்பெனி வண்டிச் சத்தம் கேட்கிறவரை உன் அம்மா அடுப்பு மூட்டுவதில்லை, உனக்கு இது தெரியாது.

பாரத்தில் கணவர் சம்மதம் என்று ஒரு இடம் இருந்தது. கணவர் வெளிநாட்டில் இருந்தால் மாமனார் போடலாமா என்று கேட்டேன், போடலாம் என்றார்கள், கட்டைவிரலை அழுத்திவிட்டேன். வருகிற வியாழக்கிழமை பஸ் ஏறுகிறாள், பேத்தியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவள் அங்கே இருப்பாள். வேண்டாம் என்று சொல்ல உனக்கு நேரம் இருக்கக்கூடாது என்றுதான் போன் பண்ணாமல் தபாலில் போடுகிறேன். என்மேல் கோபப்படு, பொறுத்துக்கொள்கிறேன். அவளைக் கூப்பிட்டால் மட்டும் தீ எப்படி வந்தது, என்ன நிறம் என்று கேள். நானே தினமும் கேட்கிறேன், அலுக்காமல் சொல்கிறாள்.

மாரியம்மன் துணையில் நீ கண்ணும் கையும் காலும் சுகமாக நூறு வருஷம் இரு. யாராவது ஊருக்கு வந்தால் உன் அம்மாவின் முழங்காலுக்குக் கோடாலித் தைலம் இரண்டு பாட்டில் கொடுத்துவிட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா பெத்தணன்
(இடது பெருவிரல் ரேகை)

எழுதியது மாரித்தாய். மாமா சொன்னதில் ஒரு வரியும் விடவில்லை. கோயம்புத்தூர் விடுதி நம்பர் பின்பக்கம் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் அங்கே இருப்பேன்.